டெத் கேப் காளானா? கிள்ளாதீர்கள், தோண்டிப் பாருங்கள்

ஏப்ரல் முதல் வாரம், மீன்பிடித் தடைக்காலம் வருவதற்கு முன் ஒரு ஞாயிறு. காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மெல்போர்னில் இருக்கும் சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். புல்தரையில் நாலைந்து வெளிர் காளான். "அண்ணா, பக்கத்துப் பார்க்கில் மரத்தடியில் நிறைய முளைச்சிருக்கு. நம்ம ஊர் வைக்கோல் காளான் மாதிரியே இருக்கு இல்ல? மத்தியானம் குழம்பு வைக்கலாம்னு இவர் சொல்றாரு."

அவள் வீட்டுக்காரர் மதுராந்தகம் பக்கம். வைக்கோல் போர் அடியில் முளைத்ததைப் பறித்து வந்து அம்மா வறுத்துக் கொடுக்கச் சாப்பிட்டு வளர்ந்தவர். அவருக்குக் காளான் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன், அவர் ஊர்க் காளான் அவருக்கு நன்றாகவே தெரியும், சிக்கலே அதில்தான்.

என்ன மரம் என்று கேட்டேன். ஓக் என்றாள். சரி, அடுப்புப் பக்கமே போகாதே, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போய் ஒரு காளானை மட்டும் மண்ணோடு தோண்டி, கிடத்தி வைத்துப் படம் எடுத்து அனுப்பு என்றேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது. தண்டின் அடியில், இவ்வளவு நேரம் மண்ணுக்குள் மறைந்திருந்த இடத்தில், உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பை. அதைப் பார்த்த பிறகு வஞ்சிரமாவது பேரமாவது, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

எனக்கு இது தொழில் இல்லை. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்தால் மாதவரம், மணலி, புழல் பக்கம் போய் நாய்க்குடைகளைப் படம் எடுப்பதும், தொப்பியைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து என்ன நிறத்தில் தூள் (காளானுக்கு விதை மாதிரி) கொட்டுகிறது என்று பார்ப்பதும் பல வருடப் பைத்தியம். வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இல்லாத வீடு நம் பக்கமே குறைவு என்பதால், அவளுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அமானிட்டா ஃபலாய்டிஸ் என்பது அந்தக் காளானின் அறிவியல் பெயர், டெத் கேப் என்பது வழக்குப் பெயர். சொந்த ஊர் ஐரோப்பா. ஓக், பீச், செஸ்நட் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி, மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் கொடுத்து, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் வாழும். அதனால்தான் முதலில் மரத்தைக் கேட்டேன். ஐரோப்பிய மரங்களை வேர்மண்ணோடு கொண்டுபோய் நட்ட இடங்களுக்கு அதுவும் கூடவே போனது: கலிஃபோர்னியா, மெல்போர்ன், கான்பெரா. ஆஸ்திரேலியாவில் இலையுதிர் காலம் என்பது நமக்குப் பங்குனி, சித்திரை. விக்டோரியா மாநிலச் சுகாதாரத் துறை அந்த நேரத்தில் வருடாவருடம் எச்சரிக்கை விடுகிறது. சென்னையில் ஓக் மரமும் இல்லை, இந்தக் காளானும் இல்லை. ஆனால் சென்னைக்கென்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன், அதை நான் சாப்பிட்டும் இருக்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? தொப்பியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் தொப்பியை மட்டும் நம்பக்கூடாது. முழுதாக விரிந்தால் 5 முதல் 15 சென்டிமீட்டர் அகலம். நிறம் பச்சையும் மஞ்சளும் கலந்து, வெயிலில் வெளுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி. நடுவில் சற்று அடர்த்தி, ஓரத்துக்குப் போகப் போக வெளிறும். பட்டுப்புடவை இழை ஓடுவது போல நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய கோடுகள் தெரியும். மழையில் நனைந்தாலோ வயதானாலோ பச்சை போய் வெறும் வெளிர் நிறமாகிவிடும், சித்தி மகள் அனுப்பிய படத்தில் இருந்ததும் அப்படித்தான். பச்சையாக இல்லை, அதனால் டெத் கேப் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் தொப்பியைத் திருப்பிப் பாருங்கள். காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது வாங்குவோமா? காளானுக்கும் செவுள் உண்டு, தொப்பிக்கு அடியில் புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருப்பது. டெத் கேப்பில் அது வெள்ளை. முளைத்தபோதும் வெள்ளை, வாடும்போதும் ஏறக்குறைய வெள்ளைதான். செவுள் தண்டில் போய் ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும். தண்டின் மேல்பகுதியில், செவுளுக்குச் சற்றுக் கீழே, பாவாடை மாதிரி தொங்கும் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று இருக்கும், கை பட்டாலோ மழை அடித்தாலோ கழன்று விழுந்துவிடும் என்பதால் வளையம் இல்லை என்பதும் ஆறுதல் இல்லை.

கடைசியாக அடிப்பாகம். இந்தக் காளான் முளைக்கும்போது முழுதும் ஒரு வெள்ளை உறைக்குள், கோழிமுட்டை மாதிரி இருக்கும். வளரும்போது உறையைக் கிழித்துக்கொண்டு மேலே வரும், கிழிந்த உறை தண்டின் அடியில் பை மாதிரி தங்கிவிடும். பை மண்ணுக்குள்ளே இருப்பதால், கீரை கிள்ளுவது போலக் காளானைக் கிள்ளினால் அது மண்ணிலேயே நின்றுவிடும், உங்கள் கைக்கு வருவது அப்பாவி போல ஒரு வெள்ளைக் காளான். ஆகவே தோண்டுங்கள். விரலை நாலு பக்கமும் விட்டு, அல்லது பழைய கரண்டியால், அடிமண்ணோடு தூக்குங்கள். தொடுவதால் விஷம் ஏறாது, தோல் வழியாக அது உள்ளே போவதில்லை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். விரியாத முட்டைப் பருவத்தில் கிடைத்தால் நேர்செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே குட்டித் தொப்பி, செவுள், தண்டு என்று ஒரு காளானின் வரைகோடு தெரிந்தால் அது அமானிட்டா குடும்பமாக இருக்கலாம், பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இப்போது வைக்கோல் காளான். மாப்பிள்ளை ஏமாந்தது சாதாரண ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் அதற்கும் அடியில் பை உண்டு, அதுவும் முட்டைக்குள்ளிருந்துதான் வரும், இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான். வித்தியாசம் மூன்று. வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது. அது வைக்கோல், மட்கிய குப்பை, எருக்குழி பக்கம் வரும், மரத்து வேரைத் தேடிப் போகாது. மூன்றாவது, முக்கியமானது, வயதானால் அதன் செவுள் இளஞ்சிவப்பாக மாறும், தூளும் இளஞ்சிவப்பு. கான்பெராவில் 2011 டிசம்பர் 31 இரவு புத்தாண்டு விருந்துக்கு டெத் கேப் சமைத்துச் சாப்பிட்டதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒருவர் தொழிலே சமையலாகக் கொண்டவர், சீனாவிலிருந்து போனவர். ஊரில் பழகிய வைக்கோல் காளான் என்று நினைத்திருக்கலாம் என்பதுதான் பிறகு சொல்லப்பட்டது. காளானே தெரியாதவன் கடையில் பாக்கெட் வாங்கிவிட்டுப் போய்விடுகிறான், தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

தூள் எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். தண்டை வெட்டிவிட்டுத் தொப்பியை மட்டும், செவுள் கீழே பார்க்க, ஒரு காகிதத்தில் வையுங்கள். காகிதத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை இருக்க வேண்டும். நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாதியைக் கறுப்பு மார்க்கரால் தீட்டிக்கொள்வேன். அதன்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள், அப்புறம் அந்தக் கிண்ணத்தைச் சமையலுக்குக் கொண்டு போகாதீர்கள், வீட்டில் திட்டு வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். காலையில் தூக்கினால் செவுளின் அச்சு அப்படியே கோலம் போட்ட மாதிரி விழுந்திருக்கும். டெத் கேப்பின் தூள் வெள்ளை, அதனால்தான் கறுப்புப் பாதி. வைக்கோல் காளானில் மங்கலான ரோஜா நிறம். ஒன்று சொல்ல வேண்டும்: வெள்ளைத் தூள் கொட்டும் நல்ல காளான்களும் ஏராளம், ஆகவே தூள் சோதனை ஆபத்தைச் சுட்டிக்காட்டும், "இது சாப்பிடலாம்" என்று சர்டிபிகேட் கொடுக்காது.

அடுப்படிச் சோதனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். வெள்ளி மெட்டியைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கறுக்கும் என்பார்கள். வெள்ளி கறுப்பது கந்தகத்தால், இந்த விஷத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மஞ்சள் தூள் நிறம் மாறும், பூண்டு நீலமாகும், அரிசி சிவக்கும், எல்லாமே இதே கணக்குத்தான். பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதும் தப்பு, மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் நன்றாகத் தின்று உயிரோடு இருக்கும். கலராக இருந்தால்தான் விஷம் என்பது இன்னும் மோசம், டெத் கேப்பின் நெருங்கிய சொந்தத்தில் சுத்த வெள்ளையாகவே சில காளான்கள் இருக்கின்றன, அவையும் இதே அளவுக்குக் கொல்லும். நன்றாக வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. குக்கரில் பத்து விசில் விட்டாலும், வெயிலில் வற்றலாகக் காயவைத்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த விஷம் அப்படியே இருக்கும். கசக்கும், நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விஷத்துக்கு அமாடாக்சின் என்று பெயர். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய, டிஎன்ஏவில் எழுதியிருப்பதை முதலில் நகல் எடுக்க வேண்டும். அந்த நகல் எடுக்கும் நொதியை இது பிடித்து நிறுத்திவிடுகிறது. பட்டறையில் மெஷின் எல்லாம் ஓடுகிறது, ஆனால் டிராயிங் வருவது நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் வேலை முடியும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் ஒவ்வொன்றாக நிற்கும். விஷத்தை அதிகமாக உறிஞ்சுவது கல்லீரல் என்பதால் முதலில் சாவது அதன் செல்கள். கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்ப, குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்ப, அதே விஷம் சுற்றிச் சுற்றி வரும். பெரிய ஆள் ஒருவரைக் கொல்லப் பாதித் தொப்பி போதும்.

இதனால் வரும் தாமதத்தைத்தான் நீங்கள் எல்லாவற்றையும் விட நன்றாக மனதில் வைக்க வேண்டும். சாப்பிட்டு ஆறு மணி நேரம், பத்து மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஒன்றுமே இருக்காது. 2023 ஜூலையில் விக்டோரியாவில் ஒரு வீட்டில் இந்தக் காளான் கலந்த மதிய விருந்து சாப்பிட்ட நான்கு விருந்தாளிகளுக்கும் நடுராத்திரிக்குப் பக்கத்தில்தான் உடம்பு படுத்த ஆரம்பித்தது, மூன்று பேர் இறந்தார்கள், 2025-ல் நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. முதலில் கடுமையான வயிற்றுவலி, வாந்தி, காலரா மாதிரி தண்ணீராகப் பேதி. ஒரு நாள் அது ஓடும். அப்புறம் நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார், வீட்டார் சாமிக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றப் பேசுவார்கள். அந்த நல்ல நாளில்தான் உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, குழப்பமாகப் பேசுவார், சிறுநீரகமும் போகலாம். ஆகவே வாந்தி நின்றுவிட்டது, கூட்டிக்கொண்டு போகிறோம் என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எங்கோ வெளிநாட்டில்தானே என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் மேல் அசாம் மாவட்டங்களில் காட்டுக்காளான் சாப்பிட்டு சில நாட்களுக்குள் 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள்.

சரி, நம் ஊர்க் கதை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நாலு நாள் மழைக்குப் பிறகு மாதவரம் பக்கம் ஒரு காலி மனைப் புல்லில் வட்டம் போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய குடைகள். தொப்பியின் நடுவில் மட்டும் தவிட்டு நிறச் செதில்கள், சில குடைகள் சாப்பாட்டுத் தட்டு அளவு. விரியாதவை மேளம் அடிக்கிற குச்சி மாதிரி நின்றன. கூட வந்த நண்பர் செஞ்சிக்காரர், புற்றுக்காளான் என்று அடித்துச் சொன்னார். எனக்கும் ஆசை. பட்டறை ஸ்டவ்விலேயே மிளகு போட்டு வதக்கி ஆளுக்கு நாலு வாய். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன காளான் என்று கேட்டார்கள், காட்ட ஒரு துண்டுகூட எங்களிடம் இல்லை, சட்டியைக்கூடக் கழுவிவிட்டோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறி மறுநாள் வீடு வந்தோம்.

அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெப்ப நாடுகளில் புல்தரைக்குப் புல்தரை வரும் காளான் இது. இதன் செவுள் முதலில் வெள்ளை, விரிந்த பிறகு மெல்லப் பச்சைசாம்பலாகும், பாசிபிடித்த சுவர் நிறம். தூளும் பச்சை. பச்சைத் தூள் கொட்டும் காளான் மிக மிகக் குறைவு என்பதால் ராத்திரி காகிதத்தில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தண்டில் வளையம் உண்டு, மோதிரம் மாதிரி மேலும் கீழும் நகர்த்தலாம். அடியில் பை கிடையாது. புற்றுக்காளானோ கறையான் புற்றோடு சம்பந்தப்பட்டது, தோண்டினால் தண்டு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் புற்றுவரை போகும், தொப்பியின் உச்சி கூராக இருக்கும். நண்பர் அன்று தோண்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இதனால் பெரியவர்கள் சாவது அபூர்வம், ஆனால் குழந்தைகளுக்கு நீர் வற்றிப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பார்க்கிலும் கிரவுண்டிலும் மழைக்குப் பிறகு விளையாடும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மணிக்கணக்கு தெரியும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணிக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போகும் வகை. ஆறு மணி நேரம் கழித்து வந்தால் கல்லீரல் விஷம் என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் பறித்த கூடையில் இரண்டும் கலந்திருக்கலாம், முதலில் வாந்தி வந்துவிட்டதால் தப்பித்தோம் என்று வீட்டில் உட்காராதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செய்ய வேண்டியது இதுதான். 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர், எலுமிச்சை, வேப்பிலைக் கஷாயம், எதுவும் வேண்டாம். அதே சட்டியில் சாப்பிட்ட எல்லாரும் போக வேண்டும், நன்றாக இருப்பவரும்தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி, இந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வடசென்னையில் இருப்பவர்கள் நேராக ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது, அங்கே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவே இருக்கிறது, தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் சமாச்சாரம் இல்லை இது. அமாடாக்சினுக்கு இதுதான் மாற்றுமருந்து என்று உறுதியாக ஒன்று கிடையாது. கரித்தூள் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள், குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் சுற்றும் விஷத்தை அது வழியில் பிடிக்கும். நிறைய டிரிப்ஸ், பாராசிட்டமால் அளவு மீறியவர்களுக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன், கிடைத்தால் மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கும் சிலிபினின். கல்லீரல் கைவிட்டால் மாற்று அறுவைதான்.

மீதிக் காளானையும் சமைத்த மிச்சத்தையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி அடையாளமே போய்விடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். சமைத்தது டப்பாவில் இருக்கட்டும். ஒன்றுமே மிச்சமில்லையென்றால் குப்பைக்கூடையில் நறுக்கிப் போட்ட தண்டு கிடக்கும், அதைப் பொறுக்குங்கள், பல சமயம் பை ஒட்டியிருப்பது அந்தத் துண்டில்தான்.

சித்தி மகள் அன்றைக்கு அதைப் பேப்பரில் சுற்றி வெளியே வைத்துவிட்டு, ஒரு தொப்பியை மட்டும் நான் சொன்னபடி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து கராஜில் வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் படம் வந்தது, கறுப்பில் அரிசிமாவுக் கோலம் மாதிரி வெள்ளை வட்டம். "அண்ணா, இவர் இன்னும் வைக்கோல் காளான்னுதான் சொல்றாரு" என்று கீழே எழுதியிருந்தாள். ரோஜா நிறம் எங்கே என்று மாப்பிள்ளையைக் கேள் என்றேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.